கழனிவாசல் பேட்டரிப் பட்டறை: கொடுத்தவை நான்கு, எழுந்தவை மூன்று

பள்ளத்தூரில் கண்மாய்க் கரையைத் தாண்டி எங்கள் குடும்பத்துக்கு ஒரு தோப்பு இருக்கிறது. அதன் பட்டா ஏழு பங்காளிகள் பெயரில் இருப்பதாலும், அவர்களில் இருவர் கோலாலம்பூரில் இருப்பதாலும், மின் இணைப்புக்கு வேண்டிய கையெழுத்துகள் இன்றுவரை ஒரே தாளில் வந்து சேரவில்லை. தோப்பைப் பார்த்துக்கொண்டு அங்கேயே குடியிருக்கும் குடும்பத்தில் பத்தாம் வகுப்புப் படிக்கும் பெண் பிள்ளை ஒருத்தி இருக்கிறாள். அவள் இரவில் படிக்க விளக்கும், வீட்டார் படுக்கும்போது ஒரு மின்விசிறியும் வேண்டும் என்பதற்காக 100 வாட் சோலார் பேனல்கள் இரண்டை ஓட்டுச் சாய்ப்பின் மேல் பொருத்தினேன். பேனல்களைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. பகலில் வாங்கிய மின்சாரத்தை இரவுக்குச் சேர்த்துவைக்க வேண்டிய பேட்டரிதான் கோடை வந்தால் கைவிட்டுவிடும்.

கடந்த தை மாதம் காரைக்குடி கழனிவாசல் பக்கம் உள்ள ஒரு சிறிய பட்டறையில் பழைய சீல்டு பேட்டரிகள் நான்கைக் கொடுத்து, அவற்றை மறுபடியும் உயிர்ப்பித்துத் தரச் சொன்னேன். பலகையில் ‘பேட்டரி சர்வீஸ்’ என்பதைத் தவிர வேறு பெயர் கிடையாது. இப்போது புரட்டாசி. எட்டு மாதம் பயன்படுத்திப் பார்த்த பிறகு எழுதுகிறேன்; ஏனென்றால் இந்த வேலையின் தரம் கடையை விட்டு வெளியே வரும் நாளில் தெரிவதில்லை.

நான் கொடுத்தவை 12 வோல்ட், 42 ஆம்பியர்-மணி (ஆம்பியரை மணி நேரத்தால் பெருக்கிய கொள்ளளவு) அளவுள்ள எஸ்.எம்.எஃப்., அதாவது தண்ணீர் ஊற்றிப் பராமரிக்க வேண்டாதபடி மூடிய பேட்டரிகள். மதுரையில் ஓர் அலுவலகத்தின் யு.பி.எஸ். அறையிலிருந்து கழற்றி எடைக்குப் போட்டவற்றில் இவை நான்கையும் ஒன்றுக்கு 1,200 ரூபாய் கொடுத்து வாங்கினேன். யு.பி.எஸ். பேட்டரிகளைத் தேடிப் போனதற்குக் காரணம் உண்டு. அவை வரிசையாகத் தொடர் இணைப்பில் இருப்பதால், அவற்றில் இரண்டு மூன்று பழுதானாலே முழு வரிசையையும் ஒன்றாக மாற்றிவிடுவது அலுவலகங்களின் வழக்கம். அப்படிக் கழிபவற்றில் நல்லவையும் சில அகப்படும். குளிர்சாதன அறையில் இருந்தவை, அடிக்கடி வடிவதும் சார்ஜ் ஆவதுமாக இராதவை, மேல்மூடியில் அச்சிட்ட தயாரிப்புத் தேதி 4 ஆண்டுகளைத் தாண்டாதவை என்று பார்த்து எடுத்தேன். பக்கவாட்டில் வயிறு உப்பிய ஒன்றைக்கூடத் தொடவில்லை. ஆனால் இவை கழற்றிய பிறகு ஏழெட்டு மாதம் சார்ஜ் இல்லாமல் கிடங்கில் கிடந்தவை என்பது பின்னால்தான் தெரிந்தது.

சும்மா கிடந்த பேட்டரி ஏன் கெடுகிறது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். இந்தப் பட்டறையின் வேலை முழுவதும் அதைச் சுற்றியே நடக்கிறது. கஸ்தோன் பிளாந்தே என்ற பிரெஞ்சுக்காரர் 1859-இல் உருவாக்கிய ஈய-அமில பேட்டரியின் அடிப்படை இன்றும் மாறவில்லை. மின்சாரம் எடுக்கும்போது இரு வகைத் தகடுகளிலும் ஈய சல்பேட் படிகிறது. சார்ஜ் செய்யும்போது அது மறுபடியும் ஈயமாகவும் ஈய டையாக்சைடாகவும் கந்தக அமிலமாகவும் பிரிந்துவிடுகிறது. வடிந்த நிலையிலேயே மாதக்கணக்கில் விட்டுவைத்தால் அந்தச் சல்பேட்டின் நுண்ணிய படிகங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி இறுகிவிடும். பிறகு சாதாரண சார்ஜுக்கு இளகாது. கடைக்காரர்கள் ‘சல்பேட் பிடித்துவிட்டது’ என்று சொல்வது இதைத்தான். சீல்டு பேட்டரிக்கு இரண்டாவது தொல்லையும் உண்டு. அதில் அமிலம் தளும்பிக்கொண்டிருக்காது. கண்ணாடி இழையால் ஆன மெத்தைக்குள் ஊறியிருக்கும். சார்ஜில் வரும் ஆக்சிஜன் உள்ளேயே மறுபடி நீராகிவிடும் என்ற நம்பிக்கையில் மூடியிருக்கிறார்கள். அதிக வோல்ட்டிலும் அதிக வெப்பத்திலும் வாயு மிஞ்சி, ரப்பர் வால்வைத் தள்ளிக்கொண்டு வெளியேறிவிடும். மெத்தை உள்ளுக்குள் காய்ந்துபோகும். சல்பேட்டும் வறட்சியும் ஓரளவு திருத்தக்கூடியவை. நேர்மின் தகட்டின் கம்பிச்சட்டம் அரித்துப் போயிருந்தாலோ, செல்லுக்குள் (பேட்டரியின் ஆறு 2 வோல்ட் அறைகளில் ஒன்றுக்குள்) தகடுகள் ஒட்டி ஷார்ட் ஆகியிருந்தாலோ திருத்த வழியில்லை.

இந்த வேறுபாட்டை முதல் நாளே என்னிடம் சொன்னவர் இந்தப் பட்டறைக்காரர்தான். இதற்கு முன் வேறோர் ஊரில் ஒருவர், தாம் கலக்கிவைத்திருக்கும் வெள்ளைப் பவுடர்க் கரைசலை ஊற்றினால் எந்த பேட்டரியும் புதிதாகும் என்று சொல்லி இரண்டு பேட்டரிகளுக்குப் பணம் வாங்கினார். பதினைந்தாம் நாள் இரண்டும் படுத்துவிட்டன. பேதி உப்பை நீரில் கரைத்து ஊற்றுவதால் இறுகிப்போன தகடு இளகிவிடாது என்பதை நான் அப்போதே கேட்டுத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். காரைக்குடியைச் சுற்றியிருக்கும் நாங்கள் இதில் ஏமாறுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இந்த ஊரில்தான் இருக்கிறது. அதன் மதிலை ஒட்டிப் போகும் சாலையில் நாள்தோறும் பேருந்தில் போய்வருகிற நாம், பேட்டரிக்குள் நடப்பது என்ன என்பதைப் பிள்ளைகளுக்காவது சொல்லித்தரலாம்.

பட்டறையில் வேலை நடக்கும் விதத்தை அரை நாள் உட்கார்ந்து பார்த்தேன். பேட்டரிகளை வாங்கியதும் அவர் சார்ஜரில் மாட்டவில்லை. ஓர் இரவு அப்படியே ஓய வைத்து, மறுநாள் ஒவ்வொன்றின் வோல்ட்டையும் மீட்டரில் பார்த்து நோட்டில் எழுதினார். சார்ஜரிலிருந்து எடுத்த உடனே பார்த்தால் செத்த பேட்டரியும் 12.9 காட்டும், ஓய்ந்த பிறகு காட்டுவதே அதன் நிலை. என்னுடையவற்றில் மூன்று 11 வோல்ட்டுக்கும் 11.7-க்கும் இடையில் இருந்தன, ஒன்று 9.8.

பிறகு மேல்மூடியின் ஓரத்தில் தட்டையான ஸ்குரு டிரைவரைச் சொருகி, ஒட்டியிருக்கும் புள்ளிகளை ஒவ்வொன்றாக நெம்பி மூடியைக் கழற்றினார். உள்ளே வரிசையாக ஆறு கறுப்பு ரப்பர்க் குல்லாய்கள். அவற்றை இடுக்கியால் தூக்கும்போது சிலவற்றில் ‘புஸ்’ என்று மெல்லிய ஓசை கேட்டது; இரண்டில் ஒன்றும் கேட்கவில்லை. டார்ச் அடித்து என்னையும் பார்க்கச் சொன்னார், பாதுகாப்புக் கண்ணாடியை என் கண்ணில் மாட்டிய பிறகு. மெத்தையின் விளிம்பு சுண்ணாம்பு அடித்த சுவரைப் போல வெளுத்து, ஈரப் பளபளப்பு சிறிதும் இல்லாமல் இருந்தது. ஊசியில்லாத சிரிஞ்சில் மெல்லிய குழாய் மாட்டி, ஒரு செல்லுக்கு 5 மில்லி வீதம் டிஸ்டில்டு வாட்டர் விட்டார். அரை மணி நேரம் காத்திருந்து மறுபடி டார்ச் அடித்தார். மெத்தை மினுங்க வேண்டும், ஆனால் மேலே நீர் தேங்கக் கூடாது என்பது அவருடைய கணக்கு. ஒவ்வொரு செல்லும் ஏறக்குறைய 20 மில்லி குடித்தது. ஒரு செல்லில் சற்று மிஞ்சியபோது அதே சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்துவிட்டார். அமிலம் ஒரு சொட்டும் சேர்க்கவில்லை. வெளியேறியது நீர்தானே தவிர அமிலம் அன்று.

எங்கள் வீட்டு வளவில் மழைநீரை அண்டா வைத்துப் பிடிக்கும் பழக்கம் இன்றும் உண்டு. அந்தத் தண்ணீரைக் கொண்டுவந்து தரட்டுமா என்று கேட்டேன்.

“வேண்டாம் ஆச்சி. ஓட்டுத் தூசி, பறவை எச்சம் எல்லாம் அதுல கலந்திருக்கும். ஆர்.ஓ. தண்ணியே ஆகாது. டிஸ்டில்டு வாட்டர் கேன் முப்பது ரூவா, அதுல போய் என்ன மிச்சம் பிடிக்கப் போறோம்?”

குடிக்க அதைவிட நல்ல தண்ணீர் இல்லை என்று வளர்ந்த எனக்கு அந்தப் பதில் முதலில் உறைத்தது. யோசித்தபோது சரியென்று பட்டது.

நீர் ஊறுவதற்கு ஒரு நாள் விட்டபின் சார்ஜ் தொடங்கியது. இங்கே நான் கண்ட ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டும். அவர் வைத்திருப்பது வோல்ட்டையும் ஆம்பியரையும் தனித்தனியாக வரம்பு கட்டக்கூடிய பவர் சப்ளை. மின்னோட்டத்தை அரை ஆம்பியருக்கும் கீழே வைத்துவிட்டு வோல்ட்டை ஏற விட்டார். சல்பேட் பிடித்த தகடு மின்சாரத்தை வாங்க மறுப்பதால், தொடங்கிய சில நிமிடங்களில் மீட்டர் 16 வோல்ட்டைத் தொட்டது. உள்ளே போன மின்னோட்டமோ பெயருக்குத்தான். மாலையில் நான் கிளம்பும்போது அதே பேட்டரி 0.4 ஆம்பியரை வாங்கிக்கொண்டு 14.2 வோல்ட்டுக்கு இறங்கியிருந்தது. படிகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து தகடு திறந்துகொள்கிறது என்பதற்கு அந்த இறக்கமே சாட்சி. வோல்ட் ஏறியபோது அவர் பக்கத்தை விட்டு நகரவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை புறங்கையால் பேட்டரியின் பக்கவாட்டைத் தொட்டுச் சூடு பார்த்தார். அலமாரியில் பல்ஸ், அதாவது விட்டுவிட்டு மின்துடிப்பு கொடுக்கும் சாதனம் ஒன்றும் இருந்தது. கேட்பவர்களுக்கு மாட்டிவிடுவதாகவும், பொறுமையான சார்ஜைவிட அது கூடுதலாக எதையும் செய்து தாம் பார்த்ததில்லை என்றும் சொன்னார். அதற்குத் தனியாக ஒரு தொகை கேட்டிருந்தால் நான் கொடுத்துத்தான் இருப்பேன்.

இந்தப் பட்டறையை நான் மதிப்பதற்கு முதற்காரணம் அடுத்து வருவது. சார்ஜ் ஏறிய பேட்டரியில் கார் இண்டிகேட்டர் பல்பு 21 வாட் ஒன்றையும் பார்க்கிங் பல்பு 5 வாட் ஒன்றையும் சேர்த்து மாட்டினார். இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 2.1 ஆம்பியர் இழுக்கும். 42 ஆம்பியர்-மணி பேட்டரியை 20 மணி நேரத்தில் வடிக்கும் அளவு அதுதான், பேட்டரியின் மேல் அச்சிட்ட அளவும் அந்தக் கணக்கில்தான் குறிக்கப்படுகிறது. 10.5 வோல்ட்டுக்கு இறங்கியதும் ரிலே என்ற தானியங்கிச் சுவிட்ச் பல்புகளை அணைத்து, கூடவே ஓடும் சுவர்க் கடிகாரத்தையும் நிறுத்திவிடும். பன்னிரண்டில் வைத்துத் தொடங்கிய கடிகாரம் எங்கே நின்றது என்று பார்த்தால் பேட்டரியின் உண்மையான கொள்ளளவு தெரிந்துவிடும். ஒரு முறை சார்ஜ் ஏற்றி வடிப்பது ஒரு சுற்று. என் முதல் பேட்டரி முதல் சுற்றில் 9 மணி நேரம் தாங்கியது, அதாவது 19 ஆம்பியர்-மணி. இரண்டாம் சுற்றில் ஏறக்குறைய 13 மணி நேரம். மூன்றாம் சுற்றில் பதினைந்தரை மணி நேரத்தைத் தாண்டி 33 ஆம்பியர்-மணியில் நின்றது. இரண்டாவது பேட்டரி 31-க்கு வந்தது. மூன்றாவது 24-ஐத் தாண்டவில்லை. நான்காம் சுற்று ஓட்டியும் அதே 24. அவர் ஒவ்வொன்றின் மேலும் வெள்ளைத் தாள் ஒட்டி, மூன்று சுற்றின் எண்களையும் தேதியையும் பேனாவால் எழுதிக் கொடுத்தார். பேட்டரிகளைத் தர நிர்ணயம் செய்பவர்கள் கொள்ளளவு 80 சதவீதத்துக்குக் கீழே போனாலே ஆயுள் முடிந்ததாகக் கணக்கிடுவார்கள். அந்த அளவுகோலில் என்னுடைய மூன்றும் ஓய்வு பெற்றவைதான். யு.பி.எஸ்.ஸுக்கு உதவாதவை ஒரு விளக்குக்கும் விசிறிக்கும் தாராளமாக உதவும் என்பதால் நான் அதைக் குறையாக எண்ணவில்லை. புதியதைப் போல ஆகிவிட்டது என்று ஒரு முறைகூட அவர் சொல்லவில்லை என்பதே எனக்குப் பெரிது.

9.8 வோல்ட் காட்டிய நான்காவது பேட்டரி, நீர் விட்டுச் சார்ஜ் செய்தும் 10.6-க்கு மேல் நிற்கவில்லை. ஆறு செல்களில் ஒன்றுக்குரிய 2 வோல்ட் அப்படியே காணாமல் போயிருந்தது.

“இது ஒரு செல் ஷார்ட் ஆச்சி. என்ன செஞ்சாலும் எந்திரிக்காது. இதுக்குக் காசு வேண்டாம், எடைக்குப் போட்டுருங்க” என்றார். நான் அங்கேயே விட்டுவந்தேன். அதை உடைத்து அமிலத்தைச் சாக்கடையில் ஊற்றாமல், 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பதிவு பெற்றவர்களுக்குப் போய்ச் சேரும்படி முழுதாகவே கொடுத்தனுப்புவதாகச் சொன்னார். அதற்கான எடைப்பணம் 900 ரூபாயை நான் தர வேண்டிய கூலியில் கழித்துக்கொண்டார்.

இனிக் குறைகள். ஒரு வாரம் என்று சொன்ன வேலைக்கு 19 நாட்கள் ஆயின. ஒவ்வொரு பேட்டரியையும் சுற்றுக்கு இரண்டு நாள் வீதம் மூன்று சுற்று ஓட்ட வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்ததுதானே. முதலிலேயே மூன்று வாரம் என்று சொல்லியிருந்தால் நான் இரண்டு முறை வீணாகப் பேருந்து ஏறியிருக்க மாட்டேன். சார்ஜ் நடக்கும் பின்னறையில் ஒரே ஒரு சன்னல்தான் உண்டு. அதையும் பாதி சாத்தியிருந்தார். 16 வோல்ட்டில் சார்ஜ் செய்யும்போது ஹைட்ரஜன் வெளிவரும். காற்றில் அது 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறி போதும். இதை அவரிடமே சொன்னேன். அடுத்த முறை போனபோது எக்ஸாஸ்ட் விசிறி மாட்டியிருந்தார். ஆனாலும் அது சார்ஜருக்கு மிக அருகில் இருக்கிறது, தள்ளி வைக்க வேண்டும்.

எனக்கு மிகவும் கவலை தந்தது மூடியை ஒட்டிய விதம். இரண்டாவது பேட்டரியில் மேல்மூடியின் நான்கு ஓரத்திலும் பசையை முழுவதுமாக இழுத்துவிட்டிருந்தார். வால்வைத் தள்ளிக்கொண்டு வரும் வாயு அந்த மூடியின் ஓர இடைவெளி வழியாகத்தான் வெளியேற வேண்டும். அதை அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறும். வீட்டுக்கு வந்து பார்த்துக் கண்டுபிடித்தேன். திருப்பி எடுத்துப்போனதும் முகம் சுளிக்காமல் மூடியைக் கழற்றிப் பசையைச் சுரண்டி, நான்கு புள்ளிகளில் மட்டும் வைத்து ஒட்டிக் கொடுத்தார். இங்கே கொடுப்பவர்கள் பேட்டரியை வாங்கும்போதே மூடியைச் சுற்றி ஒரு முறை விரலை ஓட்டிப் பாருங்கள். உத்தரவாதமும் வாய்ச்சொல் மட்டுமே, மூன்று மாதத்துக்கு. எழுதிக் கொடுக்கச் சொன்னேன், சிரித்துவிட்டு நோட்டைக் காட்டினார்.

இன்னொன்றையும் அவர் சொல்லியிருக்கலாம்: பேட்டரி திரும்பிப் போகும் இடத்தைப் பற்றி அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பேனலிலிருந்து பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் என் சோலார் சார்ஜ் கன்ட்ரோலர் தண்ணீர் ஊற்றும் பேட்டரிக்கான அமைப்பில் இருந்தது. அது அவ்வப்போது வோல்ட்டைக் கூட்டித் தகடுகளைச் சமன்செய்யப் பார்க்கும். சீல்டு பேட்டரிக்கு அப்படிச் செய்தால் விட்ட நீரெல்லாம் மறுபடி போய்விடும். போதாக்குறைக்கு நம் பக்கத்து வெயில். வெப்பம் 10 டிகிரி கூடினால் பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது இந்தத் துறையில் எல்லோரும் பிடிக்கும் கணக்கு. 25 டிகிரிக்கென்று குறித்த 14.4 வோல்ட்டைச் சித்திரையில் 40 டிகிரி தாண்டும் தோப்பு வீட்டில் அப்படியே கொடுப்பது பேட்டரியை வேகவைப்பது போலாகும். ஒரு டிகிரிக்கு 20 மில்லிவோல்ட் என்று கழித்து, கோடைக்கு 14.1 என்றும், நிறைந்த பின் தாங்கி நிற்கும் வோல்ட்டை 13.6-லிருந்து 13.3 என்றும் நானே இறக்கிவைத்தேன். தகரக் கூரையின் கீழிருந்த பேட்டரிகளை ஓட்டு வீட்டின் வடக்குத் திண்ணைக்கு மாற்றி, காற்றுப் போக இடைவிட்டு மரப்பலகை மேல் அடுக்கினேன். மூன்றும் பக்க இணைப்பில்தான் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி ஃபியூஸ். கொள்ளளவு வேறுபடும் பழைய பேட்டரிகளைத் தொடர் இணைப்பில் போட்டால் பலம் குறைந்தது முதலில் அடியோடு வடிந்து கெடும். இரண்டு பேட்டரிகளைத் தொடராகக் கோக்கும் 24 வோல்ட் இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.

செலவைச் சொல்லிவிடுகிறேன். பேட்டரிக்கு 4,800, எழுந்த மூன்றுக்குக் கூலி 650 வீதம் 1,950, அதில் எடைப்பணம் 900 போக மொத்தம் 5,850 ரூபாய். இதே அளவில் புதியது ஒன்றே கிட்டத்தட்ட ஐயாயிரம் ஆகும் என்று காரைக்குடிக் கடையில் சொன்னார்கள். எனக்குக் கிடைத்தது மூன்றும் சேர்த்து 88 ஆம்பியர்-மணி. தோப்பு வீட்டில் மூன்று விளக்கும், 25 வாட் டி.சி. மின்விசிறியும், கைப்பேசி சார்ஜும் சேர்ந்து ஓர் இரவுக்கு 27 ஆம்பியர்-மணி அளவில் ஆகிறது. சேமிப்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. பாதிக்கு மேல் வடிய விடாமல் இருப்பதுதான் இவற்றுக்கு நாம் கொடுக்கும் மருந்து. புதியது வாங்கக் கையில் பணம் இருப்பவர்கள், மாதம் ஒரு முறையாவது மீட்டர் வைத்துப் பார்க்க நேரமில்லாதவர்கள், மருந்தைக் குளிர்பெட்டியில் வைத்திருப்பவர்கள் ஆகியோருக்கு உயிர்ப்பித்த பேட்டரியை நான் சொல்ல மாட்டேன்.

போன வாரம் மூன்றையும் மறுபடி அதே பட்டறைக்கு எடுத்துப்போய்ப் பல்பில் மாட்டச் சொன்னேன். சோதனைக்கு மட்டும் ஒன்றுக்கு 100 ரூபாய். முதலாவது 31-லும் இரண்டாவது 30-லும் நின்றன. ஒரு சித்திரை வைகாசியைத் தாண்டிய பிறகு இது எனக்கு முழு மனநிறைவு. மூன்றாவது 17-க்கு இறங்கிவிட்டது. அதை மற்றவற்றோடு சேர்த்து வைக்க வேண்டாம், மாட்டுக் கொட்டகை விளக்குக்குத் தனியாகப் போட்டுக்கொள்ளுங்கள் என்றார். ஐப்பசி மழை தொடங்கி வெயில் குறைவதற்குள் அதற்கு ஈடாக இன்னொன்று வேண்டும் என்று கேட்டபோது, தாம் சரிபார்த்து விற்பதற்கு வைத்திருக்கும் ஒன்று பின்னறையில் மூன்றாம் சுற்றில் இருப்பதைக் காட்டினார். நான் புறப்பட்டபோது அதன் கடிகாரம் 14 மணி நேரத்தைக் கடந்து ஓடிக்கொண்டிருந்தது.